மதியம் வரை மௌனம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, வாங்கி அனுப்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

சுகம் என்று எழுதிவிட்டேன், அது பழக்க தோஷம். சுகமாவது ஒன்றாவது! போன மாதம் பத்திரிகையில் அத்தானின் பேட்டி வந்ததே, 'ஒரு தத்துவ ஞானியின் ஒரு நாள்' என்று, அதை என் வீட்டுக்காரர் கத்தரித்து எங்கள் டிரைவிங் ஸ்கூல் சுவரில் ஒட்டிவிட்டார். சாலை விதிகள் படம் இருந்த இடத்தில்! "நாடே கொண்டாடுற மனுஷன் என் சகலை. அவர் வாழுற மாதிரி நானும் வாழ வேண்டாமா?" என்கிறார். அன்றைக்குப் பிடித்தது எனக்குத் தலைவலி.

அத்தான் விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறாராம். இவரும் குளிக்கிறார், குளித்துவிட்டு நாள் முழுக்கத் தும்முகிறார். அத்தான் இருட்டு பிரியுமுன் தன்னந்தனியாக நடக்கிறாராம். இவரும் நடக்கிறார், தெரு நாய்கள் கூடவே நடக்கின்றன. அதெல்லாம் போகட்டும். அத்தான் மதியம் வரை மௌனமாம். அக்கா, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் மதியம் வரை வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று நீயே சொல். நேற்றுக் காலையில் பல் டாக்டரம்மா வண்டியை ஓட்டியிருக்கிறார். முச்சந்தி வந்ததும், "சார், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டாராம். இவர் வானத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாராம். அந்த அம்மா லெஃப்டும் போகாமல் ரைட்டும் போகாமல் நேராகப் போய்த் தையல் கடைப் படியில் ஏற்றிவிட்டார். நல்லவேளை, தையல்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அத்தான் நிஜமாகவே இப்படித்தான் இருக்கிறாரா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. போதும்.

உன் அன்புத் தங்கை

ஜனவரி 20

அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற தபால் எல்லாம் வாசகர் கடிதம் என்று நினைத்து அத்தானே பிரித்துவிடுகிறார். உன்னுடையதையும் அவர்தான் முதலில் படித்தார். சகலைக்கு இவ்வளவு பற்றா என்று ரொம்பப் பெருமைப்பட்டார். இப்போதுகூடப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "என்ன எழுதுற?" என்று கேட்கிறார்.

தைலம் இருக்கிறது. வலியும் இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்குத் தும்மல் என்றால் மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடு. தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஊற்றிக்கொண்டால் தத்துவம் ஒன்றும் குறைந்துவிடாது. பல் டாக்டரம்மாவுக்கு அடி ஒன்றும் இல்லையே?

வேறு விசேஷம் இல்லை. அடுப்பில் வேலை இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பால் கொடுத்தேன், தும்மல் நின்றது. மற்றது எதுவும் நிற்கவில்லை.

நான் கேட்டது என்ன, நீ எழுதியிருப்பது என்ன! அத்தான் படித்தால் படிக்கட்டும். அத்தானே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பேட்டியில் அடுத்த பத்தியையும் இவர் படித்துவிட்டார். 'என் சிந்தனை வேலை முழுவதையும் நின்றபடியே செய்கிறேன். உட்கார்ந்தவனுக்கு உலகம் ஓடாது' என்று அத்தான் சொல்லியிருக்கிறாராம். அதனால் இவர் இப்போது காருக்குள் உட்காருவதில்லை. வண்டி நகர நகர வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். மூச்சு இரைக்கிறது, ஆனால் மௌனம் கலையவில்லை. கையை ஆட்டுகிறார். படிக்கிறவர்கள் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு!

'இரவு படுக்குமுன் வீட்டின் எல்லாக் கதவுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். எல்லையைத் தொட்டு அறியாதவனுக்கு விடுதலை இல்லை' என்பது கடைசிப் பத்தி. எங்கள் வீட்டில் இருப்பது மொத்தமே மூன்று கதவு. அது விடுதலைக்குப் போதவில்லையாம், வரிசையாக நிற்கிற பக்கத்து வீட்டுக் கார்களின் கதவையும் தொட்டிருக்கிறார். ரிட்டயர்டு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். "யோவ், என்னய்யா பண்ற?" என்று கேட்டதற்கு, "எல்லையைத் தேடுறேன் சார்" என்றாராம்.

சிரிக்காதே. காலை வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் எதிர்த்தாற்போல் இருக்கிற ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். இந்த ஸ்கூல்தான் எங்கள் சோறு, அக்கா. வேறு ஒன்றும் இல்லை. இவரோ, "எல்லாத்தையும் இழுத்து மூடிட்டு சகலை காலடியில போய் இருந்துடலாம்னு பார்க்கிறேன்" என்கிறார். நீ ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் என் மனுஷன் பழையபடி கத்த ஆரம்பித்துவிடுவார். முன்பெல்லாம் "பிரேக்! பிரேக்!" என்று அவர் கத்தினால் தெருவே நிற்கும். அந்தக் கத்தலுக்கு நான் ஏங்கிப்போய்விட்டேன்.

உன் தங்கை

பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். எல்லாரும் நலம்.

உன் வீட்டுக்காரரை இங்கே அனுப்பி வை. ஒரு வாரம் கூட இருந்து நேரில் பார்த்தால் தெளிந்துவிடும். எழுத்து வேலை நிறைய இருக்கிறது, இப்போது வேண்டாமே என்று அத்தான் சொல்கிறார். சொல்லட்டும். நான் அனுப்பச் சொல்கிறேன், அனுப்பு. கம்பளி எடுத்துக்கொண்டு வரட்டும்.

அக்கா

பிப்ரவரி 26

என் அன்பு மனைவிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா? வண்டிகளுக்கு ஆயில் பார்த்தாயா? மௌனம் பேச்சுக்கு மட்டுமா, எழுத்துக்கும் உண்டா என்று சகலையைக் கேட்டேன், மதியத்துக்குப் பிறகுதான் கேட்டேன். "உன் மனசு என்ன சொல்லுது?" என்றார். எப்பேர்ப்பட்ட பதில்!

பத்திரிகையில் போட்டிருந்தது அத்தனையும் சத்தியம். விடியுமுன் எழுந்து நான் அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நான் செருமினதும் வெளியே வருகிறார். கண்கள் சிவந்திருக்கின்றன, அவ்வளவு தியானம். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் உள்ளிருந்து ஒரு ஓலம் வருகிறது பார், எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிறகு நடை. கையில் ஒரு பையும் பால் பாத்திரமும் எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவு பெரிய மனுஷர் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் கண் கலங்கும். முதல் நாள் சந்தைக்கு வழி தெரியாமல் ஊரையே சுற்றினோம். மௌனம் ஆயிற்றே, யாரையும் கேட்கவும் முடியாது. வீடு திரும்பியதும் அடுப்பு முன்னால் நின்றபடி சிந்தனை. பால் பொங்கி வழிந்தது, கையைச் சுட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லையே! உதடு மட்டும் அசைந்தது. மாலையில் ஜன்னலோரம் முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்குகிறோம். 'சிறியவற்றில் வேண்டாததைப் பிரித்தறிகிறேன்' என்று பேட்டியில் இருந்ததே, அது இதுதான். எனக்கு இப்போதுதான் விளங்கியது.

ஒரே ஒரு வருத்தம். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் அக்கா வெயில் ஏறின பிறகும் தூங்குகிறார். எழுந்ததும் கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறார். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற டீயில், "இன்னும் கொஞ்சம் சர்க்கரை" என்கிறார். ஒரு மகானோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவரிடமிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, பாவம்.

ஒரு வாரம் போதாது. இன்னும் தங்குகிறேன்.

உன் கணவன்

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உனக்கு உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுது. நீ வெயில் ஏறும்வரை தூங்குகிறாய் என்று இவர் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சின்ன வயசில் ஜுரம் வந்தால்கூட நீதானே எங்களையெல்லாம் எழுப்பிவிடுவாய்! டாக்டரைப் பார்த்தாயா?

தெளிந்துவிடும் என்று நீ சொன்னாய். இவரானால் இன்னும் முற்றிப்போய் எழுதுகிறார். என்ன நடக்கிறது அங்கே? ஒரு வாரம் என்றாய், எப்போது அனுப்புகிறாய்? ஸ்கூலில் காலை வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வேறு வழி இல்லாமல் நானே வண்டியில் ஏறிவிட்டேன்.

தங்கை

மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. தைலப் புட்டியைக் காணோம், தேடவும் இல்லை.

பின்கட்டு அறைக்குக் காலையில் எவ்வளவு அழகாக வெயில் வருகிறது தெரியுமா? இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. நூலகத்திலிருந்து துப்பறியும் கதைகள் எடுத்து வந்து படிக்கிறேன். கொலை செய்தது யார் என்று கண்டுபிடிக்கும் முன்னே தூக்கம் வந்துவிடுகிறது. அடடா, அந்த மத்தியானத் தூக்கம்! இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதை எனக்கு யாருமே சொல்லவில்லையே.

உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். அவர் வாசலில் வந்து செருமாவிட்டால் அத்தான் எழுந்திருக்க மாட்டார், அதாவது, சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார். இப்போது தபால்காரர் வருகிற நேரத்துக்கு அத்தான் அடுப்படியில் இருப்பதால் கடிதங்களை நான்தான் வாங்குகிறேன். அதனால் நீ தாராளமாக எழுதலாம்.

அத்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா

மார்ச் 21

அக்கா,

நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

இன்றைக்கு அந்தப் பேட்டியைக் கிழித்துக் குப்பையில் போடலாம் என்று சுவரிலிருந்து பிய்த்தேன். பாத்திரம் கழுவின ஈரக் கையோடு, நின்றபடியே, கடைசியாக ஒருமுறை படித்தேன். படிக்கப் படிக்க உன் முகம்தான் கண் முன்னால் வந்தது.

அக்கா, இது உன் நாள்.

விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது நீ. வெந்நீர் அவருக்கு வேண்டுமே, அதனால். இருட்டில் தனியாக நடப்பது நீ, பாலும் காய்கறியும் வாங்க. மதியம் வரை பேசாமல் இருப்பது நீ, பேசினால் தூங்குகிற மனுஷன் விழித்துக்கொள்வாரே! நின்றபடி வேலை செய்வது நீ, கல் பொறுக்குவது நீ, ராத்திரி ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது நீ. இதில் அத்தானுடையது என்று ஒன்றே ஒன்று இருக்கிறதா? அந்தப் போட்டோ மட்டும்தான் அவருடையது!

உட்கார்ந்து அழுதேன். உனக்காகவும் அழுதேன், உன் நாளைப் பார்த்து உலகமே கை தட்டுகிறதே என்று சிரித்தும் அழுதேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. உன் பேரில்தான். உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே என் புருஷனை அங்கே வைத்து வேலை வாங்கிக்கொண்டு மத்தியானத்தில் தூங்குகிறாய்! அவரைத் திருப்பி அனுப்பு. இல்லையென்றால் பத்திரிகைக்கு நானே எழுதுவேன். சொல்லிவிட்டேன்.

தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நீ கேட்ட ஒற்றை வார்த்தையை இப்போது எழுதுகிறேன். ஆமாம், அது என் நாள்.

பேட்டி எடுக்க அந்தப் பெண் வந்தபோது அத்தான் அப்போதுதான் எழுந்து வந்து உட்கார்ந்திருந்தார். "உங்க ஒரு நாள் எப்படிப் போகும், சார்?" என்று கேட்டாள். இவர் முழித்தார். நான் டீ கொண்டுபோனேன். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா! கல் பொறுக்குவதைப் பற்றிக்கூடச் சொன்னார். என் நாளை யாராவது வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபமே வரவில்லை. அட, கவனித்திருக்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோபம் அப்புறம்தான் வந்தது. அடுப்படியில் நின்றபோது வந்தது. இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். தெரியாத மனுஷன் என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே படுத்திருந்த மனுஷனை என்ன செய்ய, சொல்?

உன் சோற்றில் கை வைத்துவிட்டேன், தெரியும். ஆனால் உன் வீட்டுக்காரர் போன மறுநாள் அத்தான் பழையபடி போர்வைக்குள் போய்விடுவார், நான் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதை நினைத்தாலே முழங்கால் வலிக்கிறது. இன்னும் ஒரு வாரம் கொடுடி. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஏப்ரல் 9

என் செல்ல அக்காவுக்கு,

நலம். ஒரு வாரமும் கிடையாது, ஒரு நாளும் கிடையாது. அவரோடு நீயும் கிளம்பி இங்கே வா. இரண்டு மாதம் அந்த மகானிடம் படித்த ஆள் என்னிடம்தானே வரப்போகிறார்! பால் வாங்குவார், கல் பொறுக்குவார். அதே ஒழுங்கு இங்கேயும் நடக்கட்டும், நமக்கு என்ன கசக்குமா?

ஸ்கூலைப் பற்றிக் கவலைப்படாதே. வண்டிக்குள் நான் கத்துகிற கத்தலைக் கேட்டு எதிர் ஸ்கூலுக்குப் போனவர்களே திரும்பி வருகிறார்கள். பல் டாக்டரம்மா, "இப்பதான் தைரியமா இருக்குங்க" என்கிறார். பத்திரிகைக்கு எழுதுவேன் என்றது சும்மா. உன்னை நான் காட்டிக்கொடுப்பேனா?

பின்பக்க அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். வெயில் வரும்.

தங்கை

ஏப்ரல் 24

அன்புள்ள மைத்துனிக்கு,

நலம் விழைகிறேன். உன் அக்கா அங்கே சௌக்கியமாக வந்து சேர்ந்திருப்பாள் என்று நம்புகிறேன். பிரிவு என்பது இருத்தலின் மறுபக்கமேயன்றி வேறல்ல.

நிற்க. வருகிற திங்கட்கிழமை தொலைக்காட்சியிலிருந்து வருகிறார்கள். என் அதிகாலை ஒழுங்கை நேரடியாக ஒளிபரப்புவார்களாம். அதன் பொருட்டு உன் அக்காவிடம் சில விவரங்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். தீப்பெட்டியை அவள் எங்கே வைப்பாள்? டீத்தூள் எந்த டப்பாவில்? எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கின்றன, இத்தனை நாள் சகலைதான் எடுத்துக் கொடுத்தார். பால் பொங்கப்போகிறது என்பது முன்கூட்டியே அவளுக்கு எப்படித் தெரிகிறது? சகலை இருந்தவரை அவர் செருமுவார், எழுந்துவிடுவேன். இப்போது செரும யாரும் இல்லை.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அமைதியைப் பற்றி நான் இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறேன். இரண்டையும் உள்ளே அவள் நடமாடிக்கொண்டிருந்தபோது எழுதினேன். இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவள் எப்போது வருகிறாள்? கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

மே 3

அன்புள்ள உங்களுக்கு,

நான்தான் எழுதுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருந்ததால் எழுத வேண்டியிருக்கவில்லை. நலமா? கையை மறுபடியும் சுட்டுக்கொள்ளவில்லையே?

திங்கட்கிழமை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். தங்கச்சி என்னை உலுக்கி எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். நீங்கள் அடுப்படியில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தீர்கள். எனக்கு இங்கே கை பரபரத்தது. மேல் தட்டு, மேல் தட்டு என்று டிவியைப் பார்த்துச் சத்தமே போட்டுவிட்டேன். அப்புறம் டப்பாவை வைத்துவிட்டு மைக் பிடித்திருந்த டிவிக்காரப் பெண்ணைப் பார்த்து, "இது என் நாள் இல்லைம்மா. என் சம்சாரத்தோட நாள். இந்த நேரத்துல நான் தூங்கிட்டு இருப்பேன். போய்ட்டு வாங்க" என்று சொன்னீர்களே, அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, எல்லார் எதிரிலும் அழுதேன்.

உங்கள் சகலை எழுந்து நின்று, "அப்ப நீங்கதானா?" என்று என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அன்றிலிருந்து என்னைத்தான் பின்பற்றுகிறார். நான் வெயில் ஏறும்வரை தூங்குவதால் அவரும் தூங்குகிறார். நான் மத்தியானம் படுத்தால் அவரும் படுக்கிறார். தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பிழைப்பை நினைத்தாவது நான் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன்.

டிவியில் உண்மையைச் சொன்னீர்கள். ஆனால் என் நாளை நீங்கள் முழுதாகச் சொல்லவில்லை, அந்தப் பேட்டியிலும் சொல்லவில்லை. உங்களால் சொல்லவும் முடியாது, நீங்கள் அப்போது நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள். விழித்ததும் நான் முதலில் குளிக்கப் போவதில்லை. கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன், எழுப்பலாமா வேண்டாமா என்று. பாவம், தூங்கட்டும் என்று எழுந்து போய்விடுவேன்.

இனிமேல் எழுப்புவேன்.

இப்படிக்கு,
நான்